வாளி கனக்குது

ரேடியோ ரிப்பேர்க்காரருக்குக் கொஞ்ச நாளாகவே பெண்டாட்டி மேல் சந்தேகம். வேறொன்றுமில்லை, அவள் சண்டையே போடவில்லை.

"என் தம்பி இங்கேயே வந்து தங்கப் போறான். வாசலறையைக் குடுத்துடுங்க" என்றாள். அந்த அறையில்தான் அவருடைய மேசை, ரேடியோக்கள், உயிர் எல்லாம் இருந்தன. "முடியவே முடியாது!" என்று குதித்தார்.

"சரிங்க" என்று போய்விட்டாள். சரியாமே! கல்யாணமானதிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை.

அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வலிய வந்து யோசனை சொன்னார். பயந்த ஆட்களை ஹிப்னாடிஸத்தில் ஆழ்த்திப் பல் பிடுங்குகிற மனுஷர்.

"'சரி'ன்னு சொன்னதை நம்பாதீங்க. வீட்டம்மாவை மயக்கி, 'தம்பி வேணாம்'னு அவங்க வாயாலேயே சொல்ல வச்சிடுங்க."

"எல்லாருக்கும் பலிக்குமா டாக்டர்?"

"ஆளுக்கு ஆள் மாறும். சிலர் சொன்னதுமே தொபுக்கடீர். சிலரை என்ன பண்ணாலும் அசைக்க முடியாது. கையை நீட்டச் சொல்லி, தண்ணி வாளி தொங்குதுன்னு சொல்லிப் பாருங்க. கை இறங்கினா ஆள் விழுந்தாச்சு."

மனைவி மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள். அதுவும் அவருக்குச் சந்தேகம்தான்.

"எப்படி நீட்டணும்? நீங்களும் காட்டுங்களேன்."

நீட்டினார். "வாளி நிறையுது... கை கனக்குது... கனக்குது..."

அவள் கை கம்பியாட்டம் நின்றது.

"கனக்கலையாடி?"

"எனக்கொண்ணும் தெரியலையே. இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லுங்க."

இழுத்தார். குரல் அவருக்கே சுகமாக இருந்தது. கை இறங்கியது. அவருடைய கை!

"கண்ணு சொக்குதுங்களா?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது.

"சொக்குது..."

கண் விழித்தபோது சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடுக்கில் நின்றிருந்தார். மேசை அங்கே. ரேடியோக்கள் அங்கே. இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. வாசலறையில் மச்சான் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"யாருடி இதையெல்லாம் தூக்கினது?"

"நீங்கதான்! நான் வேணாம் வேணாம்னு தடுத்தேன். 'மச்சானுக்குக் காத்து வேணும்'னு ஒரே பிடிவாதம்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். "நல்லா குடுத்தீங்களே யோசனை! கடைசியில யார் விழுந்தது தெரியுமா?"

டாக்டர் கொஞ்சங்கூட ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமே. போன தடவை பல்லு பிடுங்க வந்தப்போ, நான் வாயைத் திறங்கன்னு சொல்றதுக்குள்ள குறட்டை விட்ட ஆளாச்சே நீங்க. அதை வீட்டம்மாகிட்ட சொன்னேன். அவங்கதான் உங்களுக்கு இந்த யோசனையைச் சொல்லச் சொன்னாங்க."