வயர் நுனியில் பதினோரு மாதம்

இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியும் மனைவியோடு உட்கார்ந்து ஒரு பாட்டு கேட்டுவிடுவது என்று சபதம் செய்தேன். ஒற்றை அறையில் குடியிருந்த காலத்தில், கரகரத்த ரேடியோவுக்கு முன்னால், தோளோடு தோள் ஒட்டிக் கேட்டோமே, அப்படி.

அந்தத் தோளுக்கு ஏங்கித்தான் ஸ்பீக்கர்கள் வாங்கினேன். வாங்கிப் பதினோரு மாதம். இன்னும் ஒரு முனகல்கூட வரவில்லை.

காரணம், வயர் நுனி. அதை ஆம்ப்ளிஃபையரில் பொருத்த மூன்று வழிகள் உண்டு. கவைபோல் பிளந்த ஸ்பேட். இடுப்பு புடைத்த பனானா பிளக். எதுவுமே மாட்டாத வெறும் கம்பி. வெறும் கம்பி பாமரர்களுக்கு என்பது என் சித்தாந்தம். மற்ற இரண்டைப் பற்றி நான் படித்ததை அடுக்கினால் ஸ்பீக்கரைவிட உயரம் வரும்.

"இன்னுமா முடிவு பண்ணல?" என்பாள், துணி மடித்தபடி.

"தங்க முலாமா, நிக்கலான்னு பாக்கறேன்."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ கால் மணி நேரத்துல முடிவு பண்ணீங்க."

"அப்ப விவரம் பத்தாது."

"இப்ப?"

நான் நிக்கலைப் பற்றி மேலும் படித்தேன்.

கடைசியில் தங்க முலாம் பனானா வென்றது. வயரை எடுத்தேன். நுனி ஏற்கெனவே உரிந்து, கம்பிகள் ஒழுங்காக முறுக்கப்பட்டிருந்தன.

"கடைக்காரர் தங்கமான மனுஷன். சடை பின்னின மாதிரி முறுக்கியே குடுத்திருக்கார்!"

"ம்" என்றாள்.

பிளக்கை மாட்டினேன். பாட்டு எழுந்தது. எங்கள் ரேடியோ காலத்துப் பாட்டு. சோபாவின் நடுவில் அமர்ந்து பக்கத்து இடத்தைத் தட்டினேன். கண் கலங்கியது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. வெறும் கம்பியிலயும் இப்படியேதான் இருந்துச்சு."

"எந்த வெறும் கம்பி?"

"நீங்க ஆபீஸ் போனதும் காய் நறுக்கற கத்தியால உரிச்சு நான் மாட்டினதுதான். நீங்க வர்றதுக்குள்ள கழட்டிருவேன். உங்க ஆராய்ச்சி கெட்டுடக் கூடாது பாருங்க."

"பதினோரு மாசமாவா? நான் இல்லாமலா?"

"மொதல்ல ஒரு வாரம் உங்களுக்காகக் காத்திருந்தேனே!"

போகட்டும். தோளைத் தயாராக வைத்துக்கொண்டு மறுபடியும் இடத்தைத் தட்டினேன். அவள் வந்தாள். உட்காரவில்லை.

"நடுவுல ஒருத்தருக்குத்தான் சரியாக் கேக்கும்னு நீங்கதானே பாடம் நடத்தினீங்க? எந்திரிங்க, அது என் இடம்."