ஹாலில் பதினோரு சாக்பீஸ் வட்டங்கள்

கொரட்டூர்,
12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை ராகேஷ் அவர்களுக்கு மாமனார் எத்திராஜ் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை முத்தம்மாளும் சுகம். பெங்களூரில் நீங்களும், ஏழாம் மாதம் நடக்கும் என் மகள் கிருஷ்ணப்பிரியாவும், உங்கள் தாயார் சொர்ணம் அம்மாளும் சுகமாக இருக்க வேண்டும். மரியாதை முடிந்தது. இனி விஷயம்.

நீங்கள் எனக்குச் செய்த தவறு இது. “பழக்கின நாய் மாமா, ஒரு தொந்தரவும் இருக்காது” என்று சொல்லி, ஐந்து வயதான கோகோ என்கிற நாயை மூன்று வாரத்துக்கு முன் என் வீட்டில் விட்டுப் போனீர்கள். அது இரவு இரண்டரை மணிக்கு என் ஹாலில் ஒன்றுக்குப் போகிறது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தினமும். மாப்பிள்ளையைப் பொய்யர் என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆகையால், பாதி உண்மை சொன்னீர்கள் என்று எழுதுகிறேன். மீதிப் பாதியை நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. போனில் சொன்னால் நீங்கள் “ஓகே மாமா” என்பீர்கள், நடுவில் கிருஷ்ணப்பிரியா வாங்கி அழுவாள். அதனால்தான் கடிதம். பதிவுத் தபாலில் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும்.

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் நாய் ஆகாது என்று உங்கள் தாயார் சொன்னதால், அதே கர்ப்பிணி பிரசவத்துக்கு வரப்போகிற வீட்டுக்கு நாயை முன்கூட்டியே அனுப்பினீர்கள். இதில் இருக்கும் நியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. போகட்டும். பகலில் அதைப் போல ஒழுக்கமான ஜீவன் கிடையாது என்பதையும் எழுதிவிடுகிறேன். காலையும் மாலையும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனால் எல்லாக் காரியத்தையும் ஓரமாக முடித்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்குள் கால் தூக்குவதில்லை. தெருவில் நின்று “கோகோ, கோகோ” என்று கூப்பிட்டால்தான், யாரோ கோழி பிடிக்க வந்திருக்கிறான் என்று ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

முதல் இரவு உங்கள் அத்தை என்னைத் தட்டி எழுப்பி, “இந்தா, எழுந்துரு. ஹால்ல தண்ணி வந்துட்ச்சி” என்றாள். ஏரித் தண்ணீர் இடுப்பளவு வந்த வருஷத்திலிருந்து இந்த வீட்டில் அப்படிச் சொன்னால் கைகால் தானாக வேலை செய்யும். அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தேன். பத்திரங்கள் இருக்கும் பெட்டியை அலமாரிக்கு மேல் ஏற்றினேன். மெயினை அணைத்தேன். பிறகு இருட்டில் ஹாலுக்குள் காலை வைத்தேன். வழுக்கி உட்கார்ந்த இடத்தில் ஏரித் தண்ணீருக்கு இருக்க முடியாத ஒரு வெதுவெதுப்பு இருந்தது. எதிரே சுவர் ஓரமாகக் கோகோ, நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் லேத் ஓட்டியவன் நான். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி, மற்றதெல்லாம் நானே கற்றுக்கொண்டது. எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் அளவெடு, அப்புறம் கை வை என்பது என் பாடம். ஆகவே ஒவ்வொரு இரவும் ஈரத்தைத் துடைக்கும் முன் அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதி எழுதினேன். பதினோரு நாளில் பதினோரு வட்டம். ஹாலில் பாதி பழைய மொசைக், பாதி புது டைல்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். பதினோரு வட்டமும் டைல்ஸ் பக்கம். மொசைக்கில் ஒரு சொட்டு இல்லை. டைல்ஸ் பக்கம்தான் சாமி அறை இருக்கிறது. வளைகாப்பு அன்றைக்குக் கிருஷ்ணப்பிரியாவுக்கு மணை போட வேண்டிய இடமும் அதுதான். ஆக, இந்த நாய் வேண்டுமென்றே செய்கிறது என்று முடிவுக்கு வந்தேன்.

மாலை ஏழு மணிக்கு மேல் தண்ணீர் கூடாது என்று உத்தரவு போட்டேன். உங்கள் அத்தை, “வாயில்லா ஜீவன் தண்ணி கேக்குது. குடுக்காத வெச்சா அந்தப் பாவம் என் பொண்ணு வயித்ததான் புடிக்கும்” என்று சொல்லி, எனக்குத் தெரியாமல் ஒரு குண்டான் நிறைய வைத்தாள். பின்கட்டில் கட்டிப் போட்டேன். அது போட்ட ஊளையில் எதிர்வீட்டு நடேசன் சாவு வீட்டுக்கு வருவது போலத் தோளில் துண்டோடு வந்து நின்று, “அண்ணாத்தே, ஊட்ல யார்னா பூட்டாங்களா?” என்றார். இல்லை என்றதும், “அப்ப காலைல வேலைக்குப் போலாம்ல?” என்று கேட்டுவிட்டு ஏமாற்றத்தோடு போனார்.

பிறகு, இரண்டு மணிக்கே எழுந்து அதை வெளியே கூட்டிப் போவது என்று தீர்மானித்தேன். தெருமுனைப் புங்கமரத்தடியில் நிறுத்தினேன். அது உட்கார்ந்துகொண்டது. கைக்குழந்தையைக் காலில் போட்டு “உஸ்ஸ்” என்றால் போகும் அல்லவா? உங்கள் மனைவி அப்படித்தான் பழகினாள். அதே முறையில் மரத்தைப் பார்த்து நின்றுகொண்டு “உஸ்ஸ், உஸ்ஸ்” என்று சொன்னேன். ரோந்து வண்டி வந்து நின்றது.

“இன்னா பெருசு, இந்நேரத்துல மரத்தாண்ட இன்னா பண்ற?”

“நாயை ஒண்ணுக்கு உட இட்டாந்தேன் சார்.”

“நாய் சும்மா குந்திகினு கீது. நீதான் உஸ்ஸு உஸ்ஸுன்னுகினு நிக்கிற.”

“அதுக்குச் சொல்லிக் குடுத்துகினு கீறேன் சார்.”

போலீஸ்காரர் டார்ச்சை நாய்மேல் அடித்தார், பிறகு என்மேல் அடித்தார். “இனிமே வர்றதா இருந்தா ஊட்ல சொல்லிகினு வா நைனா” என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். இதில் நான் மறைக்க ஒன்றுமில்லை. அந்தச் சத்தம் நாய்க்கு வேலை செய்யவில்லை. எழுபத்திரண்டு வயது ஆளுக்கு வேலை செய்தது. அவசரமாக வீட்டுக்கு ஓடி, நான் பின்கட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் கோகோ ஹாலில் தன் வேலையை முடித்திருந்தது.

மீதிப் பாதி உண்மை போன செவ்வாய்க்கிழமை வெளியானது. கிருஷ்ணப்பிரியா வீடியோ காலில் உங்கள் வீட்டுப் பால்கனியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். உங்கள் அத்தை போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், “இன்னாடி இது, நம்ம ஊட்டு ஹால்ல நின்னுகினா பேசற?” என்றாள்.

“இல்லம்மா. இது கோகோவோட பாத்ரூம்.”

நான் போனை வாங்கிப் பார்த்தேன். அதே சாம்பல் நிறம். அதே எருமை நாக்கு போன்ற சொரசொரப்பு. நீங்கள் அந்த வீடு வாங்கியபோது பால்கனிக்கு இறக்கியதில் பத்துப் பெட்டி டைல்ஸ் மீந்து, தூக்கிப் போடப் போகிறேன் என்றீர்கள். நல்ல பொருளைத் தூக்கிப் போடுவதாவது என்று நான்தான் லாரியில் வரவழைத்து, ஏரித் தண்ணீரில் உப்பிப்போன பாதி ஹாலுக்குப் போட்டேன். இரவில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, அந்த டைல்ஸில் மட்டும் போகும்படி குட்டியிலிருந்தே கோகோவைப் பழக்கியிருக்கிறீர்கள். பழக்கியது என்று சொன்னீர்கள். எங்கே பழக்கியது என்று சொல்லவில்லை. இதுதான் என் குற்றச்சாட்டு.

அன்று மாலை உங்களிடம் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, “கார்ப்பெட் போட்டு மூடிடுங்க மாமா” என்றீர்கள். போட்டேன். இரவு இரண்டரைக்கு அது கார்ப்பெட்டின் மூலையை வாயால் கவ்வி இழுத்து, நாலு முழம் மடித்து வைத்துவிட்டு, உரிய இடத்தில் போயிற்று. கார்ப்பெட் நனையவில்லை. அவ்வளவு நேர்மையான நாய்.

இதெல்லாம் பரவாயில்லை. நேற்று உங்கள் தாயார் போன் செய்தார்கள். “ஊடு வாசனையா இருந்தா புள்ளத்தாச்சிக்கு ஆவாது சம்பந்தி. பூந்தமல்லில மண்டபம் பாத்துடலாம்” என்றார்கள். வாசனை என்று எந்த வாசனையைச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை, வழக்கப்படி வளைகாப்பு உங்கள் வீட்டில் நடந்து, நாங்கள் பெண்ணை அழைத்துவர வேண்டும். உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தார் கூட்டம் சேர்க்கக் கூடாது என்றதால் என் வீட்டுக்கு வந்தது. ஒரே பெண். அவள் இந்த ஹாலில் தவழ்ந்தாள், இந்த ஹாலில் நடந்தாள், இங்கேதான் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொள்ள வேண்டும். என் வீடு நாறுகிறது என்று ஊர் பேச, அவள் வாடகை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனால், நான் கட்டிய வீடு எதற்கு?

டைல்ஸை எடுத்துவிடலாமே என்று கொத்தனார் கோவிந்தன் உட்பட நாலு பேர் சொல்லியாயிற்று. எடுக்க மாட்டேன். தப்பாகப் பழகியது நாய். டைல்ஸ் அல்ல. ஆகவே:

நீங்கள் 20-ஆம் தேதிக்குள் வந்து நாயை அழைத்துப் போக வேண்டும். உங்கள் தாயார் மண்டபப் பேச்சை விட்டுவிட வேண்டும். கிருஷ்ணப்பிரியா அழக் கூடாது. 28-ஆம் தேதி ஞாயிறு வளைகாப்பு என் வீட்டில், என் டைல்ஸ்மேல் நடக்கும்.

நீங்கள் இருவரும் சகல செல்வமும் பெற்று, சொன்னதை முழுதாகச் சொல்லும் குணமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். உங்கள் தாயாருக்கு என் வணக்கம், குறைக்காமல் சொல்லவும்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்தில் குறை வைக்காத மாமனார்,
ப. எத்திராஜ்

பி.கு. (14-ஆம் தேதி, ஞாயிறு காலை): உறை ஒட்டக் கோந்து இல்லாததால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. இனி எழுதுவதைப் படித்துக்கொண்டு, மேலே எழுதியதை விட்டுவிடவும்.

நேற்று இரவு நானே அந்த டைல்ஸ்மேல் பாயை விரித்துப் படுத்தேன். நான் படுத்திருக்கும்போது எப்படிப் போகிறது பார்ப்போம் என்று. இரண்டரைக்கு வந்தது. என்னை மோந்து பார்த்தது. மூன்று தரம் சுற்றியது. ஆள் படுத்திருக்கும் இடத்தில் போகக் கூடாது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, போகவில்லை. மொசைக் பக்கம் போயிருக்கலாம், அங்கேயும் போகவில்லை. என் தலைமாட்டில் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல இருந்தேன். மூன்று மணிக்குப் பின்னங்கால் நடுங்க ஆரம்பித்தது. நாலு மணிக்கு முனகியது. என்னை எழுப்பிவிடக் கூடாது என்று அதையும் தொண்டைக்குள்ளேயே முனகியது. இந்த வயதில், பஸ்ஸில், கல்யாண வீட்டில், அடக்கிக்கொண்டு நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நாலேகாலுக்கு எழுந்து பாயைச் சுருட்டி வழிவிட்டேன். நன்றாகப் போகட்டும் என்று விளக்கையும் அணைத்தேன்.

ஆறு மணிக்குக் கோவிந்தனுக்குப் போன் செய்தேன். “நான் அன்னிக்கே சொன்னேன்ல நைனா” என்றான். அந்த வாக்கியத்தை இனி இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் வந்திருக்கிறான். இப்போது ஹாலில் டைல்ஸைப் பெயர்க்கும் சத்தம் கேட்கிறது. அவரவர் செய்ய வேண்டியது பின்வருமாறு.

கோவிந்தன் டைல்ஸைச் சேதமில்லாமல் பெயர்த்து, பின்கட்டில் முருங்கை மரத்தடியில் பதிக்க வேண்டும். பாதி ஹாலுக்கு 26-க்குள் சிவப்புச் சிமெண்டுத் தரை போட வேண்டும்.

முத்தம்மாள் இரவில் பின்கட்டுக் கதவைத் தாழ் போடாமல் ஒருக்களித்து வைக்க வேண்டும். திருடன் வந்தால் கோகோ பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் நாயை அழைத்துப்போக வர வேண்டாம். வளைகாப்புக்கு வந்தால் போதும்.

உங்கள் தாயார் முன்வரிசையில் உட்கார்ந்து முதல் வளையலைப் போட வேண்டும்.

நடேசன் தோளில் துண்டில்லாமல் வர வேண்டும்.

கிருஷ்ணப்பிரியா செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வந்து, தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்தால் போதும்.