பொறுமைக்கு வைத்த தொதல்

தட்டில் ஆறு துண்டு தொதல் இனிப்பு வைத்துவிட்டு வெளியே போன பளீலா டீச்சர், ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது ஐந்து துண்டுதான் இருந்தது.

பாயில் ஆறு பிள்ளைகளும் சம்மணம் கொட்டி, கையைக் கட்டி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருடம் பிறந்ததிலிருந்து அவர்கள் இவ்வளவு அடக்கமாக இருந்ததை டீச்சர் பார்த்ததேயில்லை.

"யாரு திண்ட?"

ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மூலையில் தொங்கிய சேலைத் திரையை விலக்கிக்கொண்டு பதியுதீன் சேர் வந்தார். புத்தளத்திலிருந்து வந்த சிறுவர் வளர்ச்சித் திட்ட அதிகாரி அவர். பிள்ளைகளின் உடம்போடு சேர்ந்து அறிவும் மனசும் பழக்கவழக்கமும் வளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துப் புள்ளி போடுவது அவர் வேலை. பார்ப்பவர் பிள்ளைகளின் கண்ணில் படக்கூடாது என்று அவருடைய படிவம் சொன்னதால், டீச்சர் தன் பழைய சேலையைக் கயிற்றில் போட்டு, பின்னால் உட்கார ஒரு கதிரையும் வைத்துக் கொடுத்திருந்தார்.

"ஒரு துண்டுதானே சேர்..."

"துண்டு முக்கியமில்ல டீச்சர். இப்ப ஒண்டு, பொறுத்தா ரெண்டு. இது விளங்கிப் பொறுக்கிற புள்ளைதான் வளர்ந்த புள்ள." சேர் மீசையைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டார். "என்ன வெயில்!"

"குடிக்கத் தண்ணி..." என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் டீச்சர்.

"நோன்பு டீச்சர்!" என்று சேர் காதைப் பொத்தாத குறையாகச் சொன்னார். டீச்சரும் நோன்புதான். வெட்கத்தில் முந்தானையை இழுத்துத் தலையில் விட்டுக்கொண்டார்.

புள்ளி தேறினால் பாலர் பள்ளிக் கூரைக்கு இருபது தகரம் கிடைக்கும். கற்பிட்டி வீதியோரத்து அகதி முகாமில் தென்னங்கிடுகுக் கூரையின் கீழ் நடந்த பள்ளி அது. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்து ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. பிள்ளைகள் முகாமிலேயே பிறந்தவர்கள், கிடுகும் அவர்கள் வயதுக்கு மூத்தது. போன ஐப்பசி மழையில் பதினெட்டு நாள் பள்ளியே நடக்கவில்லை. இன்னொரு ஐப்பசிக்குப் பிள்ளைகளை ஈரத்தில் வீட்டுக்கு அனுப்ப டீச்சருக்கு மனமில்லை. அந்தத் தகரத்தைக் கேட்டு அவர் தொழுகைப் பாயில் அழுதிருக்கிறார்.

"நோன்பு மாசத்தில இந்தச் சோதனை சரிவருமா சேர்?"

"சின்னப் புள்ளைகளுக்கு என்ன நோன்பு?"

"நான் நோன்பு!" என்று துள்ளினான் ஐந்து வயதுச் சுஹைர். கூட்டத்தின் தலைவன் அவன்தான்.

"எத்தின மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டார் சேர்.

"பத்து மணிக்கு."

"நானும் நோன்பு," என்றான் மஸாஹிர். "பிஸ்கட்டுக்கு மட்டும் இல்ல."

முகாமில் இந்த நோன்பு ஒரு விளையாட்டாகவே நடந்தது. போன கிழமை சுஹைர் ஒன்பது மணிக்கே மறதியாகத் தண்ணீர் குடித்துவிட்டு, நோன்பு போச்சே என்று தரையில் புரண்டு அழுதான். டீச்சர்தான் மடியில் தூக்கி வைத்துத் தேற்றினார். "மறந்து குடிச்சா முறியாது மகன். மறந்தவங்கள ஆரும் ஏசவும் கூடாது, காட்டிக் குடுக்கவும் கூடாது." ஆறு பேரும் அதைத் திருக்குர்ஆன் பாடம்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

சரி, கை எட்டுகிற தூரத்தில் இருப்பதால்தானே சின்னக் கைகள் போகின்றன? டீச்சர் குறைந்த துண்டை நிரப்பி, தட்டு வைத்த வாங்குப் பலகையைப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி, திரையோரமாகப் போட்டார்.

"நல்ல யோசனை," என்றார் சேர். "கிட்ட இருந்தா நானும் நுணுக்கமாப் பார்க்கலாம்."

டீச்சர் வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஐந்து நிமிடம் ஸலவாத்து ஓதினார். உள்ளேயிருந்து ஒரு கிளுகிளுப்புச் சிரிப்பும், அதை அடக்கும் "உஸ்"ஸும் கேட்டன. ஓடி வந்து பார்த்தார். நாலு துண்டு.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. தள்ளி வைத்தால் இரண்டு போகிறது!

"சுஹைர், நீங்களா?"

"அல்லாவுக்காக இல்ல டீச்சர்."

"அப்ப ஆரு?"

சுஹைர் கூரையைப் பார்த்தான். மற்றவர்களும் கூரையைப் பார்த்தார்கள்.

"உண்மை பேசுதல், பூச்சியம்," என்று எழுதினார் சேர். தாளின் ஓரத்தில் எண்ணெய் விரல் ஒன்று பதிந்திருந்தது. தட்டைத் தொட்ட கையால் தாளைப் பிடித்துவிட்டோமே என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டார்.

அடுத்து எண் சோதனை. சேர் மூன்று சிப்பியைக் கையில் வைத்து, கடைசியில் இருந்த சித்தி லெய்லாவிடம் நீட்டினார். "எத்தின, மகள்?"

மூன்றரை வயது லெய்லா சேரின் மீசையையே பார்த்தாள். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் இவள் வாய் ஓய்வதில்லை என்று உம்மா சத்தியம் பண்ணுவாள். பள்ளிக்கு வந்தால் கல்லுப் பிள்ளையார் தோற்றார்.

"பேச்சு இல்ல. எண்ணும் இல்ல," என்றார் சேர். பேனை சரசரவென்று ஓடியது.

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சேர், கடைசியா ஒரு தரம். இந்தத் தரம் புள்ளைகளே காவல்!"

வீட்டுக்கு ஓடி, நோன்பு திறக்க எடுத்து வைத்திருந்த உள்ளங்கை அகலத் தொதல் கட்டியைத் தூக்கி வந்தார். அதை ஓலைப் பெட்டியில் மூடி, திரையோரத்து வாங்கிலேயே வைத்தார். பிறகு பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே காவல் முறையை ஞாபகப்படுத்தினார்.

"செக்பொயின்ட் விளையாடுவோமா?"

ஆறு பேரும் எழும்பிவிட்டார்கள். பாலாவிச் சந்திச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி இறங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சுஹைர் விளக்குமாற்றைத் தோளில் வைத்தான். "எல்லாரும் இறங்குங்க! ஐசி கார்ட் எடுங்க!" என்று ஒருவர் பையை ஒருவர் சோதித்தார்கள். புளியங்கொட்டை, அறுந்த பொத்தான், செத்த பொன்வண்டு எல்லாம் வெளியே வந்தன. தொதல் மட்டும் வரவில்லை.

"டீச்சர், சேரையும் செக் பண்ணவா?" என்று கேட்டான் சுஹைர்.

"சீ! சேருக்குப் பாஸ் இருக்கு."

சேர் சிரித்தார். "பாலுக்குப் பூனையக் காவல் வச்ச கதைதான் டீச்சர் இது," என்றபடி திரைக்குப் பின்னால் போனார்.

இந்தத் தடவை டீச்சர் மரத்தடியில் நிற்கக்கூட முடியாமல் சுற்றிச் சுற்றி நடந்தார். திரும்பி வந்தபோது செக்பொயின்ட் அப்படியே நின்றது. விளக்குமாறு தோளில் இருந்தது. மூடியும் மூடியபடியே இருந்தது. திறந்தார். பெட்டியின் அடியில் எண்ணெய் மட்டும் மினுங்கியது.

டீச்சர் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. "நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்? இனி மழைக்கு எங்க போவோம்?"

பிள்ளைகளின் முகமெல்லாம் வாடியது. மஸாஹிர் தன் புளியங்கொட்டையை எடுத்து டீச்சரின் கையில் வைத்தான். சுஹைர் மட்டும் உதட்டை இறுக்கிக் கடித்து, மற்றவர்களைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க டீச்சர்." சேர் படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "பேச்சு, எண், மத்தவன் மனசு நோகக்கூடாதெண்ட எண்ணம். இதில ஒண்டாவது ஒரு புள்ளைக்கிட்ட இருந்திருந்தா நான் கண்ண மூடிக்கொண்டு கையெழுத்து வச்சிருப்பேன்."

பேனையின் மூடியைக் கழற்றினார்.

அப்போது யாரோ முந்தானையை இழுத்தார்கள். டீச்சர் திரும்பினார். லெய்லா நின்றாள். டீச்சரின் கண்ணீரைத் தன் சின்னக் கையால் துடைத்துவிட்டாள். பிறகு சேரை இரக்கத்தோடு ஒரு பார்வை பார்த்து, டீச்சரின் காதில் வாயை வைத்தாள்.

"சொல்லாதே லெய்லா!" என்று கத்தினான் சுஹைர். "சேர் பாவம்!"

ஆனால் மூன்றரை வயதின் ரகசியம் முகாமின் மறு கோடிவரை கேட்கும்.

"அழாதீங்க டீச்சர். சேரையும் ஏசாதீங்க, அவருட நோன்பு முறியல்ல. ஒண்டு, ரெண்டு, மூணு தரமும் மறந்துதான் திண்டாரு."