ஆர்தரின் மற்றக் குடும்பம்

முன்பின் தெரியாத ஒரு மனிதரின் செத்தவீட்டில், அவருடைய மனைவியைவிட அதிகமாக அழுதவள் நான். இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் சொல்லுவார்கள், அதுவும் கூட்டிச் சொல்லுவார்கள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு பெப்ரவரி. நாங்கள் லண்டனில், பிளேஸ்டோவில் இருந்தோம். மகள் நிரோஷாவுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் புவியியலுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கவுண்டி என்று இங்கே சொல்லப்படும் மாவட்டங்களில் ஒன்றின் தலைநகராக இருக்கிற, கடலோரத்துச் சிறிய பட்டினம் ஒன்றுக்குப் போக வேண்டும். அங்கே குடியிருக்கும் இருபது பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்க வேண்டும். பிறகு அந்த ஊர்ச் சனத்தைப் பற்றி எழுத வேண்டும். இதற்குக் கிடைக்கும் புள்ளி இறுதிப் பரீட்சையோடு சேரும்.

சேரும் என்று கேட்ட அந்த நிமிடத்திலிருந்து எனக்கு நித்திரை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் படிப்பித்தவள் நான். இருபதில் ஒன்று குறைந்தால் புள்ளி குறையும். புள்ளி குறைந்தால் பல்கலைக்கழகம் கைவிட்டுப் போகும். கடைசியில் பிள்ளையும் என்னைப் போலத் தொழிற்சாலையில் உடைந்த பிஸ்கட் பொறுக்குவாள். (என் பயம் விரைவு ரயில் மாதிரி. இடையில் எங்கும் நிற்காது.)

திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய வேலையைப் பற்றி அவள் வியாழன் பின்னேரம்தான் வாய் திறந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கிழமை லீவு, கணவருக்கு ஷிப்ட். ஆகவே வெள்ளி விடியவே எழும்பி முப்பது மீன் கட்லட் பொரித்து, பெரிய டின் ஒன்றில் அடுக்கிக்கொண்டு, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

"முப்பது கட்லட் ஆருக்கம்மா?"

"கேள்வித்தாள் நிரப்பிற ஆக்களுக்கு. சும்மா கேட்டால் ஆர் நிரப்புவினம்?"

"அது லஞ்சம்."

"அது மரியாதை."

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கவுண்டி மண்டபம், பூட்டிக் கிடந்த விடுதிகள், கடலுக்குள் பாதி தூரம் போய் மனம் மாறி நின்றுவிட்ட ஒரு பாலம், மிச்சமெல்லாம் காற்று. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பன்னிரண்டு மணிவரை அலைந்து மூன்று கேள்வித்தாள் நிரப்பினோம்: ஒரு பஸ் சாரதி, ஒரு மீன்கடைக்காரர், நாயோடு வந்த ஒரு பெண். (நாய் இரண்டு கட்லட் சாப்பிட்டது.)

அப்போதுதான் மேட்டில் இருந்த தேவாலயத்தைப் பார்த்தேன். வாசலில் கறுப்புக் கார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட சனம் உள்ளே போய்க்கொண்டேயிருந்தது.

"பிள்ளை, ஊரே அங்கைதான் நிக்குது."

"அம்மா, அது செத்தவீடு."

"ஓம். செத்தவீட்டுக்கு ஆரும் அழைக்கிறேல்லை. கலியாணத்துக்குத்தான் அழைப்பு வேணும். வாசலாலை போனவை உள்ளுக்கு வராமல் போனால்தான் பிழை. முதலிலை துக்கம் விசாரிப்பம், முடிய ஆறுதலாக் கேப்பம்."

அவள் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னாள். அதில் எனக்குத் தேவைப்பட்ட சொல் எதுவும் இல்லை.

எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்தவீட்டுக்குப் போன பெண் பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்தபடி கைக்கடிகாரம் பார்க்கமாட்டாள். நேரே போய் உரிமைக்காரப் பெண்களைக் கட்டிப்பிடித்து அழவேண்டும். நானும் என் கத்தரிப்பூ நிறக் கோட்டோடு, கட்லட் டின்னோடு, நடுவழியாக நடந்து முன்வரிசைக்குப் போனேன். வெள்ளைத் தலைமயிரோடு ஒரு மெலிந்த பெண் நிமிர்ந்து இருந்தார். டின்னைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தேன்.

மரியாதைக்கு நாலு சொட்டுக் கண்ணீர் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஊரில் என் அப்பா இறந்தபோது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகுதான் எனக்குக் கடிதம் வந்தது. அழுவதற்குச் செத்தவீடும் இல்லை, சவப்பெட்டியும் இல்லை. மறுநாள் பிஸ்கட்டுக்குத்தான் போனேன். அந்தக் கண்ணீரெல்லாம் எங்கே நின்றதோ, இங்கே பெட்டியைக் கண்டதும் அணை உடைந்துவிட்டது. நான் வாய்விட்டு அழுதேன். அந்தத் தேவாலயம் கட்டின நாளிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது.

அந்தப் பெண் என் முதுகைத் தட்டி, என்னைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். நிரோஷா கேள்வித்தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி எனக்கு அருகே ஒடுங்கினாள்.

பாதிரியார் பேசத் தொடங்கினார். இறந்தவர் பெயர் ஆர்தர். கப்பல் இயந்திரப் பொறியியலாளர். பதினைந்து வருடத்துக்கு முன் ஓய்வு பெறும்வரை கிழக்கு நாடுகளுக்குக் கப்பல் ஓடியவர். "குறிப்பாகக் கொழும்பு," என்றார் பாதிரியார். "அதைத் தன்னுடைய இரண்டாவது வீடு என்று ஆர்தர் அடிக்கடி சொல்லுவார்."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். பிறகு நிரோஷாவைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த தாளில் எங்கே விட்டார் என்று தேடினார். எங்களுக்குப் பின்னால் வாங்குகள் மெல்ல முனகின. ஊர் முழுவதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து, பக்கத்து மண்டபத்தில் தேநீர். கேள்வித்தாளைக் கொடுக்க இதுதான் நேரம் என்று நினைத்தால், ஒருவரும் எங்களுக்குக் கிட்ட வரவில்லை. தூர நின்று அன்பாகத் தலையாட்டினார்கள். சுவரோரம் ஆர்தரின் இளவயதுப் படம் ஒன்று வைத்திருந்தார்கள்.

"அம்மா," என்றாள் நிரோஷா மெதுவாக, "எல்லாரும் என்ரை மூக்கைப் பாக்கினம்."

"மூக்கிலை என்ன?"

"முதலிலை அந்தப் படத்தைப் பாக்கினம். பிறகு என்ரை மூக்கைப் பாக்கினம்."

நான் படத்தைப் பார்த்தேன். பிள்ளையைப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் எந்தப் பக்கம் என்று தேடினேன்.

அந்த நேரம் பார்த்து, நான் கட்டிப்பிடித்து அழுத பெண், ஆர்தரின் மனைவி மேபல், என் டின்னைத் திறந்து, ஒரு கட்லட்டைக் கடித்தார். கடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுதான்," என்றார். "கொழும்பிலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யச் சொல்லி என்னைக் கேட்பார். எனக்கு ஒருநாளும் சரிவரவில்லை, உதிர்ந்துபோகும். ஆகவே நீங்கள்தான் செய்து கொடுத்தீர்கள்."

மேபலின் மகன், நாற்பது தாண்டிய மனிதர், எனக்கு முன்னால் வந்து நின்று மிக மரியாதையாகக் கேட்டார்: "என் தந்தையை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?"

பொய் சொல்ல எனக்கு ஏலாது. ஆகவே அவருக்கும் ஒரு கட்லட்டை நீட்டினேன். கடைசியில் நிரோஷாதான் ஒரு கேள்வித்தாளை அவரிடம் நீட்டினாள்.

"எங்களுக்கு அவரைத் தெரியாது. இது என் புவியியல் வேலை. எனக்கு இன்னும் பதினேழு பேர் வேண்டும்," என்றாள். பிறகு தமிழில் எனக்கு மட்டும், "போதுமே அம்மா?" என்றாள்.

மேபல் என்னைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் மறுபடியும் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தாறு வருடம் அந்த மனிதரோடு இருந்தேன்," என்றார் கண்ணைத் துடைத்தபடி. "ஒருநாளும் என்னை ஆச்சரியப்படுத்தியதில்லை. இந்த ஒரு மணித்தியாலம் நான் எவ்வளவு கோபமாகவும் எவ்வளவு பெருமையாகவும் இருந்தேன் தெரியுமா? போகட்டும். அவருக்காக இவ்வளவு அழ ஒருவர் வந்தாரே. எங்கள் ஆட்கள் அழமாட்டார்கள்." பிறகு மண்டபத்தைப் பார்த்து, "எல்லோரும் பேனாவை எடுங்கள்," என்றார்.

தாள் போதவில்லை. சிலர் வழிபாட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மொத்தம் நாற்பத்தொன்று. அந்த ஊர்ச் சனத்தைப் பற்றி நாங்கள் அறிந்தது இவ்வளவுதான்: பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் லண்டனில், ஊரில் எதை மாற்ற விருப்பம் என்று கேட்டால் காற்றை. "இந்த ஊரில் அண்மையில் நடந்த முக்கியமான நிகழ்ச்சி எது?" என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும், மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஒரே பதில் எழுதியிருந்தார்கள்: "உன் தாயார்."

அவளுக்கு ஆக உயர்ந்த புள்ளி கிடைத்தது. மாணவி ஊர் மக்களோடு மிக நெருங்கிப் பழகியிருக்கிறார் என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

நிரோஷா இப்போது படித்து முடித்து வேலையும் பார்க்கிறாள். கறுப்புக் கார் கண்டால் நான் இன்றைக்கும் தெருவின் மற்றப் பக்கம் மாறிவிடுவேன். கணவர் வேலையால் பிந்தி வந்தால், கேட்பதற்கு முன்பே, "நான் கொழும்புக்குப் போகேல்லையப்பா," என்பார்.

அந்த வருடம் மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு மேபலிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. உறையில், "ஆர்தரின் மற்றக் குடும்பத்துக்கு" என்று எழுதியிருந்தார். பதில் எழுதிய நிரோஷா, எங்கள் முறைப்படி தகப்பனின் மூத்த மனைவியை எப்படி அழைக்க வேண்டும் என்று அவருக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் அட்டை தவறாமல் வருகிறது. காற்றடிக்கிறது, கட்லட் இன்னும் உதிருகிறது என்று இரண்டு வரி. அதன் கீழே, நடுங்கும் ஆங்கில எழுத்தில், கையொப்பம்: "பெரியம்மா."