வந்த வீட்டில் மணி பார்க்காத போலோ அண்ணை

ரொறன்ரோ முழுவதிலும் மணிக்கூடு கட்டிக்கொண்டு நேரம் பார்க்காத ஒரே மனிதர் எங்கள் போலோ அண்ணைதான். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் அவர் தட்டாத கதவு இல்லை. எந்தக் கதவு திறந்தாலும் அவருடைய முதல் வேலை, கையில் கட்டியிருந்த பழைய சதுர மணிக்கூட்டைப் பக்கவாட்டில் இழுத்து, முகம் உள்ளே போகும்படி குப்புறப் பிரட்டுவது. வெளியே வெறும் தகடு மட்டும் மினுங்கும்.

யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேல் ஒன்றில் அவர் கண்டெடுத்த அபூர்வம் அது. குதிரையைக் கிட்டத்தில் பார்த்திராத மனிதர், போலோ கதையை மட்டும் மைதானத்தில் நின்றவர் போலச் சொல்லுவார்.

"உது சும்மா மணிக்கூடில்லைத் தம்பி. இந்தியாவிலை வெள்ளைக்காரர் குதிரையிலை ஏறிப் போலோ அடிக்கேக்கை, கண்ணாடி படார் படாரெண்டு உடைஞ்சுதாம். அதுக்காகச் சுவிஸ்காரன் செய்த வேலை!"

அடுத்த தேநீருக்கு, பின்தகட்டில் குடும்பச் சின்னமும் காதலியின் படமும் பதித்துக்கொண்ட பிரபுக்கள் கதைக்குள் வருவார்கள். அதற்கடுத்ததில், மவுசு போய் மிஞ்சிக் கிடந்த வெறும் மணிக்கூட்டுக் கூடுகளை அள்ளிக்கொண்டுபோய் மறுபடி உயிர் கொடுத்த இத்தாலிய வியாபாரி. இத்தாலிக்காரர் வந்து சேர்வதற்குள் எங்கள் வீட்டுப் பால் முடிந்துவிடும்.

என் மனைவி ஜாடையாகக் கேட்பாள்: "அண்ணை, இப்ப நேரம் என்ன இருக்கும்?"

"வந்த வீட்டிலை மணி பாக்கிறது மரியாதை இல்லைத் தங்கச்சி. அதுதானே பிரட்டி விட்டனான். பால் இல்லாட்டிப் பிளேன்ரீ எண்டாலும் பரவாயில்லை."

எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை அவர் காலடியில் வக்யூமை ஓட்டிப் பார்த்தார். அண்ணை இரண்டு காலையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, இரைச்சலுக்கு மேலாகக் கதையைத் தொடர்ந்தார்.

மனைவியை இழந்தவர், பிள்ளைகளும் இல்லை. அந்த வீடுகள்தான் அவருக்குச் சொந்தபந்தம். அந்த வீட்டுக்காரர்களோ ஒவ்வொருவராக மார்க்கம், அஜக்ஸ் என்று தூரத்து ஊர்களில் வீடு வாங்கிப் போனார்கள். கார் ஓடத் தெரியாத மனிதர் அவ்வளவு தூரம் எப்படிப் போவார்? கடைசியில் நாங்களும் போனோம்.

அஜக்ஸில் எங்கள் புதுவீட்டுக் குடிபூரலுக்கு யாரோ ஒருவருடைய காரில் தொற்றிக்கொண்டு வந்தார். இருந்தார், சிரித்தார். ஆனால் மணிக்கூட்டின் முகம் மேலேயே இருந்தது. அடிக்கடி அதைப் பார்த்துக்கொண்டார்.

"என்ன அண்ணை, இண்டைக்குப் பிரட்டேல்லையோ?"

"மற்றாக்களின்ரை காரிலை வந்தனான் தம்பி. அவையின்ரை நேரத்துக்கு வெளிக்கிட வேணுமெல்லே."

"நான் கொண்டுபோய் விடுறன், இருங்கோ."

"சீச்சீ, வீடு நிறையச் சனம். நீர் நில்லும்."

கதை பிரபுக்கள் வரைகூடப் போகவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். எத்தனையோ நாள் அவர் எப்போது எழும்புவார் என்று காத்திருந்த எனக்கு, அன்று அவர் எழும்பியது தாங்கவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார்.

அஜக்ஸ் வீட்டை வாங்குவதற்கு முன் நாங்கள் பார்க்கப் போன அன்று, மாடியில் மிஞ்சியிருந்த சின்ன அறைக்குள் நின்று என் மனைவி சொன்னாள்: "இது போலோ அண்ணைக்கு. இனி வந்தா ரெண்டு நாள் நிண்டுதானே போவார்." கட்டிலும் வாங்கிப் போட்டோம். குடிபூரல் அன்று, சனம் போன பிறகு ஆறுதலாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டலாம் என்று இருந்தோம்.