எண்ணெய்த் துளையில் பச்சைப் பெயின்ட்

திட்டம் தொடங்கி வைப்பவர் என்றொரு இனம் உண்டு. எந்தத் தொழிற்சாலையிலும் பார்க்கலாம். ஓடுகிற இயந்திரத்தைக் கடக்கும்போதெல்லாம் அதன் முதுகில் செல்லமாகத் தட்டிவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொள்வார். பல வருடப் பழக்கம். அவர் கையால் நடக்கிற பராமரிப்பு அவ்வளவுதான்.

நம் கதையின் மேலாளரும் அந்த இனம்தான். பயிற்சி முகாமுக்குப் போனவர் ஞானியாகத் திரும்பினார். இனி பழுதான பிறகு பார்ப்பதில்லை, பழுதாகாமலே பார்ப்போம் என்றார். நல்ல பேச்சுதானே, யார் மறுப்பார்கள்? உடனே சுவரெல்லாம் வாசகம், சட்டையெல்லாம் வில்லை, தரையெல்லாம் மஞ்சள் கோடு, காலையில் கை நீட்டி உறுதிமொழி, முதலாளி ரிப்பன் வெட்டப் புதுக் கத்தரிக்கோல். எண்ணெய்? அதுதான் இல்லை.

தகடு அழுத்தும் பெரிய பிரஸ்ஸுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்க அரை நாள் நிறுத்தினார்கள்.

"நிக்கும்போதே ஆயில் விட்டுடவா சார்?" என்றார் அதை ஓட்டும் ஆபரேட்டர்.

"வேணாம்யா, பெயின்ட்டுல வடிஞ்சிரும்! முதலாளி வர்ற நேரத்துல..."

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். "சனிக்கிழமை லீவு வேணும் சார். பொண்ணு பட்டம் வாங்குறா. எங்க வீட்ல காலேஜ் போன மொத ஆளு."

"தாராளமா போய்யா! இனிமே மிஷின் நிக்கவே நிக்காது. நான் பொறுப்பு."

பெயின்ட்காரர் வஞ்சனையில்லாத மனிதர். ஓர் இடம் விடாமல் பூசினார். எண்ணெய்த் துளைகளும் அதில் அடக்கம். ரிப்பன் வெட்டினார்கள்; கைதட்டினார்கள். பச்சைப் பசேலென்று ஓடிய பிரஸ், எண்ணெய் இறங்காமல் வெள்ளிக்கிழமை மாலை கிறீச்சென்ற சத்தத்தோடு இறுகி நின்றது. லீவு ரத்து.

சனிக்கிழமை ஆபரேட்டர் இயந்திரத்துக்கடியில் படுத்துப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, அடுத்து என் பேருதான். எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்மா இருக்கேன்" என்றார். எங்கே என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் சும்மா இருந்தாரா? 'பழுதிலிருந்து பாடம்' என்று புதுத் திட்டம் தொடங்கினார். அதற்கும் ரிப்பன் உண்டு.

சிரிக்காதீர்கள். ஞாயிறுதோறும் உங்கள் வண்டியைக் கண்ணாடிபோல் துடைக்கிறீர்களே, எஞ்சின் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்தை ஊரறியப் போட்டீர்களே, அவர் முட்டி வலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனீர்களா? நாளைக்கா? மேலாளரும் அப்படித்தான். அப்பா வராமலே பட்டம் வாங்கிய அந்தப் பெண்ணிடம் அவரே நேரில் போய்ச் சொல்ல வேண்டிய ஒரு மன்னிப்பு இன்னும் பாக்கி.