மன்றாட்டுக்குப் பூட்டுப் போட்டவர்

ஒரு புதன்கிழமை சாயங்காலம், மாதா கோயிலில் நவநாள் செபம் பாதியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கோயில் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் மிதக்கிற நேரம், ஒருவர் மட்டும் ஓசைப்படாமல் எழுந்துபோய், யாருடையது எவருடையது என்று பார்க்காமல், அறுந்ததையும் புதியதையும் ஜோடி ஜோடியாக உள்ளே எடுத்து வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்தபடி திரும்பி வந்து முழங்காலில் நின்றார். யாரிடமும் சொல்லவில்லை. பலிபீடத்தருகே நின்று மன்றாட்டு வாசித்துக்கொண்டிருந்த பிரிஜெட் மட்டும் பார்த்தாள். அவர்தான் ரெமிஜியஸ்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது வேறு மாதிரி.

உலகத்தில் வாசற்காவலர் என்று ஓர் இனம் உண்டு. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, யாரும் நியமித்ததும் கிடையாது. ஆனால் ஒரு கதவைக் கண்டுவிட்டால், அதைச் சாத்தினால்தான் அவர்களுக்குச் சாப்பாடு இறங்கும். கல்யாண வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் வாசலில் நின்றுகொண்டு, "நீங்க யாரு, பொண்ணு வீடா பையன் வீடா?" என்பார்கள். வாட்ஸ்அப் குழுவைக் கையில் கொடுத்தால், காலை வணக்கம் போட்ட சொந்த அத்தையை விலக்கிவிட்டுத்தான் காப்பி குடிப்பார்கள். தெருநாய்க்குக்கூட இவ்வளவு சந்தேகம் இல்லை. அது இரண்டு பிஸ்கட்டில் சமாதானமாகிவிடும்.

ரெமிஜியஸ் இந்த இனத்தில் முதல் தரம். தொழிற்சாலையில் கேட் பாஸ் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர். பெங்களூர் பிரேசர் டவுனில் அவர்களுடைய சின்னக் கோயிலுக்கு ஒரு வெப்சைட் தொடங்கி, நவநாள் விண்ணப்பங்களை எழுதி அனுப்ப அதில் ஒரு பக்கமும் வைத்தபோது, ஃபாதர் அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். பாவம், நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்.

முதல் மாதமே விண்ணப்பங்களோடு விளம்பரங்களும் வந்து விழுந்தன. உடனடிக் கடன், வழுக்கைக்கு எண்ணெய், லாட்டரியில் பரிசு. ரெமிஜியஸுக்கு ரத்தம் கொதித்தது. "மாதா கோயில்ல வந்து மயிர் எண்ணெய் விக்கிறானா?" என்று பிளகின் தேட ஆரம்பித்தார். பிளகின் என்பது வெப்சைட்டில் செருகிவிடுகிற குட்டிச் சாமான். ஒன்று குப்பையைப் பிரிக்கும், ஒன்று நாட்டையே தடுக்கும், ஒன்று 'நீ மனிதன்தானா?' என்று கேட்கும். ஒன்று போட்டால் போதாதா? போதும். ஆனால் ஒரே பூட்டோடு தூங்கிவிடுகிறவர் காவலர் ஆவாரா?

ஒரு பிளகின் போட்டார். வெளிநாடு முழுவதும் அடைபட்டது. குவைத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் கோயில் பிள்ளைகளும் அதோடு அடைபட்டார்கள். இன்னொன்று போட்டார். உள்ளே வருகிறவர்கள், படத்தில் டிராஃபிக் சிக்னல் இருக்கும் கட்டங்களையெல்லாம் தொட்டுக் காட்ட வேண்டும். பெங்களூரில் பாதி ஆயுளைச் சிக்னலில் கழித்தவர்களே அதில் தோற்றுத் திரும்பினார்கள். அதன்பிறகு வந்ததுதான் சொல் வடிகட்டி. விளம்பரங்களில் வருகிற சொற்களை அதில் எழுதி வைத்துவிட்டால், அந்தச் சொல் உள்ள எதுவும் நேராகக் குப்பைக்குப் போய்விடும். ரெமிஜியஸ் செபமாலை சொல்லி முடித்து, உட்கார்ந்து, பக்தியோடு எழுதினார்: கடன், வேலை, வரன், மருந்து, குழந்தை பாக்கியம், வீடு, விசா, அவசரம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இவற்றை எடுத்துவிட்டால், மனிதன் ஆண்டவரிடம் கேட்க மிச்சம் என்ன இருக்கிறது?

வாசலில் விண்ணப்பச் சீட்டு போடும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் யாரோ மிட்டாய்த் தாளைப் போட்டார்கள் என்று அதையும் உள்ளே கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார். "ஃபாதர், இந்த மாசம் ஒரு ஸ்பாம் வரல. கிளீன்!" என்றார். உண்மைதான். அந்தத் தளத்துக்குள் தடைபடாமல் வந்துபோகிறவரே ஒருவர்தான். அவரும் ரெமிஜியஸ்.

அடி விழுந்தது பிரிஜெட்டுக்குத்தான். அவள் பள்ளிக்கூடத்து ஆயா. வாரம் முழுக்க மற்றவர்கள் சொன்னதைச் செய்கிறவளுக்கு, ஊர் வேதனையெல்லாம் சேர்த்து மாதாவிடம் எடுத்துச் சொல்கிற அந்தப் புதன்கிழமை மாலைதான் ஜீவன். இப்போது கையில் வாசிக்க ஒன்றும் இல்லை. உலக சமாதானத்துக்காக என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கினாள். ஃபாதர் கூப்பிட்டார்.

"தமிழ் நவநாளுக்கு விண்ணப்பமே வர்றதில்லையேம்மா. அடுத்த வாரமும் இப்படித்தான்னா, அந்த நேரத்தைப் பிள்ளைங்களோட கிட்டார் கிளாஸுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

பிரிஜெட் நேராக ரெமிஜியஸ் வீட்டுக்கு நடந்தாள்.

"அண்ணா, ஜோகுபாளையத்து நோரா நிறைய தடவை அனுப்பிச்சேன்னு சத்தியம் பண்றா. எங்கணா போச்சு அதெல்லாம்?"

"எந்த நோரா?"

"உங்க பையன் லாயிட்டுக்கு ஞானத்தாய்ணா!"

"அது எனக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியாதே."

"நானே நேத்து அனுப்பிச்சேன். 'உங்கள் நடவடிக்கை சந்தேகத்துக்குரியது'ன்னு செவப்புல வந்துச்சு. பேஜாராப் போச்சுணா. நான் இன்னா சந்தேக கேஸா?"

"அப்படி இன்னாம்மா எழுதினே?"

"அக்கா பையனுக்கு வேலை கிடைக்கணும், அவசரம்னு."

"ரெண்டு வார்த்தை! ஒண்ணுக்கே தூக்கிடும். நீ ரெண்டு போட்டிருக்கே."

"அப்போ மாதாகிட்ட இன்னாதான்ணா கேக்கறது?"

ரெமிஜியஸ் கம்ப்யூட்டரில் குப்பைத்தொட்டியைத் திறந்தார். நோராவின் வீட்டுக்காரருக்கு மருந்து பலிக்க வேண்டும். யாரோ ஒரு மருமகளுக்குக் குழந்தை பாக்கியம். வீடு ஜப்தியாகாமல் இருக்க. வாசிக்க வாசிக்க அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவி இறங்கியது. "இவ்ளோ பேரா நின்னுட்டிருந்தாங்க வெளியே?" என்றார்.

அப்புறம் காவலர் இனமே செய்யாத காரியத்தைச் செய்தார். எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் விடுவித்து, பிரிண்ட் எடுத்து, மிச்சத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் அவள் கையில் கொடுத்தார். "ஒண்ணையும் விடாதே. தடுத்த பாவம் எனக்கு வேணாம்."

பிரிஜெட் சொன்ன சொல் தவறாதவள். புதன்கிழமை ஒன்றையும் விடவில்லை. நோராவுக்காக மன்றாடினாள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். மருமகளுக்காக மன்றாடினாள். கேட்டருளும். அடுத்த தாளைப் புரட்டினாள்.

"ராபர்ட் என்பவர் நம் வெப்சைட்டை ஒரே வாரத்தில் கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறார். அவருடைய நல்ல மனதுக்காக மன்றாடுவோம்."

கூட்டம் ஒரு நொடி தயங்கியது. பிறகு, அந்த ராபர்ட்டுக்கு என்ன கஷ்டமோ என்று, கேட்டருளும் என்றது.

"முடி கொட்டாமல் அடர்த்தியாக வளர, இன்றே தொடர்புகொள்ள வேண்டியவர்களுக்காக."

இதற்கு எல்லோரையும்விட உரக்கப் பதில் சொன்னவர் ஃபாதர். அவர் தலையில் விளக்கு வெளிச்சம் பளபளத்தது. செபம் முடிய வெகுநேரம் ஆயிற்று. கிட்டார் வகுப்பு வேறு கிழமைக்குப் போய்விட்டது.

ரெமிஜியஸ் திருந்திவிட்டாரா? சொல் வடிகட்டியைக் கழற்றினார், மரப்பெட்டியை வாசலில் வைத்தார், அதெல்லாம் சரி. மறுநாளே ராபர்ட்டுக்கென்று தனியாக ஒரு பிளகின் போட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் தெரியாத எண் என்று இந்த வாரம் எத்தனை அழைப்பை அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? காலிங் பெல் அடித்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவுத் துளையில் கண்ணை வைத்து, வீட்டில் ஆள் இல்லாத மாதிரி நின்றது யார்? பக்கத்து வீட்டுக்காரரா?

போன மாதம் ரெமிஜியஸ் ஊர்க்கோடி ஹெப்பகோடியில் இருக்கும் மகன் லாயிட் வீட்டோடு போய்விட்டார். சாமான் ஏற்றிய டெம்போ உறுமிக்கொண்டு நின்றது. "போன் பண்றேன்ணா" என்றாள் பிரிஜெட். அவர் தன் போனை எடுத்தார், எதையோ தேடினார், கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"உன் நம்பரை எப்பவோ பிளாக் பண்ணி வெச்சிருக்கேன் போல. எப்படி எடுக்கறதுன்னு தெரியல. நீ நேர்லயே வந்துடும்மா."